குழந்தை சீட்: விமானத்துக்கா, டாக்ஸிக்கா?

லீவுக்கு சென்னையிலிருந்து மதுரைக்கு ஃப்ளைட். அங்கிருந்து உசிலம்பட்டி, தேனி வழியா ஓடைப்பட்டிக்கு டாக்ஸி. கூட ஒன்றரை வயசுக் குழந்தை. கார் சீட்டை எதுல மாட்டுவீங்க?

விமானத்துல 2 வயசுக்குள்ள மடியிலேயே வச்சுக்கலாம். கார் சீட் போடணும்னா தனி டிக்கெட் வேணும். அது 4,000 ரூபாய்னு வச்சுக்குங்க, போக வர 8,000. ஒவ்வொரு லீவுக்கும் இதே செலவு.

ஆபத்தே இல்லையா? இருக்கு. 1989-ல் அமெரிக்காவின் சியூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் நொறுங்கினப்போ, மடியில் வந்த ஒரு குழந்தை இறந்தது. சீட்டைக் கட்டாயமாக்கணும்னு கோரிக்கை எழுந்தது. அந்நாட்டு விமானத்துறை பரிந்துரையோட நிறுத்திக்கிச்சு. காரணம், செலவு கூடினா குடும்பங்கள் காருக்கு மாறும். உயிர் அதிகமா போறது ரோட்டுலதான்.

என் கருத்து இதுதான்: கையில இருக்கிற பணத்துக்கு முதல்ல நல்ல கார் சீட் வாங்குங்க. ஒரு தடவை செலவு, பல வருஷம் உழைக்கும். அதை டாக்ஸியில மாட்டுங்க. பின்சீட்டு பெல்ட் வேலை செய்யுதான்னு புக் பண்ணும்போதே கேளுங்க. மோட்டார் வாகனச் சட்டம் 194பி-படி, 14 வயசுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லைன்னா 1,000 ரூபாய் அபராதம்.

பட்ஜெட் மிச்சம் இருந்தா விமானத்துலயும் தனி சீட் எடுங்க. உங்க கார் சீட்டை அனுமதிப்பாங்களான்னு முன்னாடியே கேட்டுக்குங்க.

"நான் மடியில கெட்டியா பிடிச்சுக்கறேன்"னு பாட்டி சொல்வாங்க. சடன் பிரேக்குக்கு அந்தப் பிடி போதாது.