‘புதிய நாயகர்’களும் பிலிப்பைன்ஸ் தேசமும்

1988ஆம் ஆண்டு ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்துவந்த பிலிப்பைன்ஸ் பெண்களைச் சந்தித்த அன்றைய ஜனாதிபதி கொரசோன் அக்கினோ, அவர்களைப் ‘புதிய நாயகர்கள்’ என்று போற்றினார். ஸ்பானிய ஆதிக்கத்தை எதிர்த்த ஹோசே ரிசாலையும், கிடங்குத் தொழிலாளியாக இருந்து புரட்சிச் சங்கத்தை நிறுவிய போனிபாசியோவையும் குறித்துவந்த ‘பயானி’ என்ற சொல், அன்றுமுதல் மாதந்தோறும் டாலர் அனுப்புவோரைக் குறிக்கும் அரசாங்கச் சொல்லாயிற்று.

இதே 1988இல்தான் அக்கினோ தமது நிலச்சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பதிலாக நிறுவனப் பங்குகளைக் கொடுத்தால் போதும் என்ற ஓட்டை அச்சட்டத்தில் இருந்தது. ஜனாதிபதியின் சொந்தக் குடும்பத்துக் கரும்புப் பண்ணையான ஆசியெண்டா லூயிசிட்டா அந்த ஓட்டையின் வழியாகவே தப்பித்தது. உச்ச நீதிமன்றம் நிலப் பகிர்வுக்கு உத்தரவிட 2011 வரை உழவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 2004இல் அப்பண்ணையின் வேலைநிறுத்தக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. நிலம் கிடைக்காத குடும்பத்தின் மகள் விமானம் ஏறினாள். அவளுக்கு நாயகி என்ற பட்டம் கிடைத்தது.

இதற்கு அடித்தளமிட்டவர் மார்க்கோஸ். 1972இல் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்த அவர், வேலையின்மையையும் அந்நியச் செலாவணி நெருக்கடியையும் சமாளிக்க 1974ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் வெளிநாட்டு வேலைவாய்ப்பை அரசின் பணியாக்கினார். எண்ணெய் விலையேற்றத்தால் செழித்த வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. இடைக்கால ஏற்பாடாகச் சொல்லப்பட்டது அரை நூற்றாண்டாக நீடிக்கிறது. இன்று ஏறத்தாழ ஒரு கோடி பிலிப்பைன்ஸ் மக்கள் வெளிநாடுகளில் வாழ்கின்றனர். 2023இல் வங்கிகள் வழியாக மட்டும் வந்த தொகை 3,300 கோடி டாலருக்கும் அதிகம்.

போற்றுதலுக்குப் பின்னால் இருந்த கட்டாயத்தையும் மறந்துவிடலாகாது. 1982இல் மார்க்கோஸ் பிறப்பித்த ஆணை, வீட்டுப் பணியாளர்கள் ஊதியத்தில் பாதியையும், கப்பல் தொழிலாளர்கள் அதைவிடக் கூடுதலான பங்கையும் அரசு அங்கீகரித்த வங்கிகள் வழியாகவே அனுப்ப வேண்டும், தவறினால் கடவுச்சீட்டு புதுப்பிக்கப்படாது என்றது. ஹாங்காங் வீட்டுப் பணிப்பெண்கள் அணிதிரண்டு எதிர்த்தனர். 1985இல் தண்டனைப் பிரிவுகளை அரசு கைவிட்டது. சர்வாதிகாரியைப் பணியவைத்த இந்தப் பெண்களை அப்போது எவரும் நாயகர் என்று அழைக்கவில்லை.

1995 மார்ச் 17 அன்று ஃப்ளோர் கான்டெம்ப்லாசியோன் என்ற வீட்டுப் பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று நம்பிய பெரும் மக்கள் திரள் வீதிக்கு வந்தது. வெளியுறவு அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. சில மாதங்களில் நிறைவேறிய புலம்பெயர் தொழிலாளர் சட்டம், பொருளாதார வளர்ச்சிக்கான வழியாக வெளிநாட்டு வேலைவாய்ப்பை அரசு ஊக்குவிக்காது என்று எழுத்திலேயே அறிவித்தது. ஆனால் ஆட்கள் அனுப்பும் வேலை ஓயவில்லை. 2021இல் அதற்கெனத் தனித் துறையே உருவாயிற்று.

கடல் கடந்த வாழ்வு தேசிய உணர்வைக் கரைத்துவிடும் என்று புலம்புவோர் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ரிசாலின் முதல் நாவல் 1887இல் பெர்லினில்தான் அச்சேறியது. 1906இல் தொடங்கி ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்த உழைப்பாளர் மரபு, 1965இல் கலிஃபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை லாரி இட்லியோங் தலைமையில் தொடங்கி, மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளரையும் உடன் சேர்த்துக்கொண்டது. வெவ்வேறு மொழி பேசும் தீவுகளிலிருந்து வந்தவர்கள் தம்மைப் பிலிப்பினோக்களாக உணர்ந்ததில் இத்தகைய போராட்டக் களங்களுக்கும் பங்குண்டு. கேள்விக்குரியது அந்த மக்களின் தேசபக்தி அன்று. நிலத்தையும் ஆலையையும் தராமல் ஆளை மட்டும் அனுப்பிவைக்கும் ஆளும் வர்க்கத்தின் தேசபக்திதான்.

இந்தியாவின் ஆட்சியாளர்களுக்கும் இந்தப் பாதை கவர்ச்சியாகத் தெரிகிறது. 42,000 தொழிலாளரை இஸ்ரேலுக்கு அனுப்ப 2023இல் உடன்பாடு செய்தவர்கள், காஸா மீதான போர் மூண்ட பின்னரும் ஆள்சேர்ப்பை நிறுத்தவில்லை. மத்தியத் தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தது சரியே. எதிர்ப்போடு நிற்காமல், ஏற்கெனவே வளைகுடாவில் உழைப்போரின் ஊதியத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் பாதுகாப்புக் கேட்டு, அங்குள்ள பிலிப்பைன்ஸ், நேபாளத் தொழிலாளரோடு தொடர்பு கொள்ளும் வேலையையும் நமது சங்கங்கள் மேற்கொள்ள வேண்டும்.