சீருடையும் பிணைமுறியும்

பினாங்குத் தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையம் அமைந்திருக்கிறது. அதற்குச் சற்று வடக்கே, கரையை ஒட்டிய கடலில் ஜெரெஜாக் தீவு கிடக்கிறது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறி வந்த தமிழர் பலர் அத்தீவின் நோய்த்தடுப்பு நிலையத்தில் தங்க வைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். இன்று அதே கடலின் மேல் விமானங்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன. அவற்றுள் ஒன்றைச் செலுத்துபவன் அந்தக் கூலியாளின் கொள்ளுப்பேரனாக இருக்கக்கூடும். இதைச் சொல்லிப் பெருமிதம் கொள்ளாத மேடை பினாங்கில் இல்லை.

பெருமிதம் தவறன்று. ஆயினும் கைதட்டுவதற்கு முன்னர் ஒன்றைக் கேட்க வேண்டும். கொள்ளுப்பாட்டன் கரையில் கால் வைத்தபோதே கடனாளியாக இருந்தான். கொள்ளுப்பேரன் எந்நிலையில் வானேறுகிறான்? விடை கசப்பானது. அவனும் கடனாளியாகவே ஏறுகிறான்.

விமானி என்றவுடன் பெற்றோர் கண்முன் தோன்றுவது வெண்ணிறச் சட்டையும் தோளில் மின்னும் பொற்பட்டையும்தான். ஏர் டெக்கான் நிறுவனத்தை 2003 இல் தொடங்கிய கோபிநாத்தின் வாழ்வைத் தழுவி 2020 இல் வந்த ‘சூரரைப் போற்று’ திரைப்படம் தமிழ்ப் பிள்ளைகளின் வானக் கனவை மேலும் வளர்த்தது. அப்படம் விமான நிறுவனம் தொடங்கியவரின் போராட்டத்தைச் சொன்னது. அந்நிறுவனங்களில் விமானம் ஓட்டுபவனின் கணக்கைச் சொல்லும் படம் இன்னும் வரவில்லை. அக்கணக்கைப் பார்ப்போம்.

எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்திலும் இயற்பியலிலும் தேறிய ஒரு மாணவன் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து வணிக விமானி உரிமம் பெற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்கு மூன்று இலட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் செலவாகும். 2025 இல் மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அவ்வூதியம் பெறும் ஒரு தந்தை ஒரு காசும் செலவிடாமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தாலும், மூன்று இலட்சம் வெள்ளி சேரப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மாராவின் கடனுதவி பூமிபுத்திரா மாணவர்க்கு உரியது. ஆகவே தமிழ்க் குடும்பம் வீட்டை அடகு வைக்கிறது. ஊழியர் சேமநிதியில் கை வைக்கிறது. தாயின் தாலிக்கொடியும் சில வேளைகளில் கணக்கில் சேர்கிறது.

உரிமம் கையில் வந்துவிட்டால் வேலை வந்துவிடுமா? வராது. அவ்வுரிமம் சிறு விமானத்தில் பயின்றதற்கான சான்று மட்டுமே. ஏர்பஸ் 320, போயிங் 737, ஏடிஆர் 72 என்று ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித் தேர்ச்சி வேண்டும். அதன் செலவையும் விண்ணப்பிப்பவனே ஏற்க வேண்டும் என்னும் நிறுவனங்கள் உலகெங்கும் உண்டு. செலவை ஏற்கும் நிறுவனமோ, குறிப்பிட்ட ஆண்டுகள் பணியிலிருந்து விலகமாட்டேன், விலகினால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று பிணைமுறி எழுதி வாங்குகிறது. வேலை கிடைக்காமல் காத்திருப்பவனுக்கும் செலவு நிற்பதில்லை. மருத்துவச் சான்றையும் கருவி கொண்டு பறக்கும் தகுதியையும் அவன் தன் கைப்பணத்தில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காணலாம். 2001 இல் ஏர் ஏசியா நிறுவனம் நான்கு கோடி வெள்ளிக் கடனோடு ஒரே ஒரு வெள்ளிக்குக் கைமாறியது. புதிய உரிமையாளர்கள் அதனை ஆசியாவின் பெரிய மலிவுக் கட்டண நிறுவனங்களுள் ஒன்றாக வளர்த்தார்கள். அவர்தம் உழைப்பையும் துணிவையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு விமான நிறுவனத்தை ஒரு வெள்ளிக்கு வாங்க முடிந்த நாட்டில், விமானம் ஓட்டும் இருக்கையில் அமர விரும்பும் ஏழைப் பிள்ளை மூன்று இலட்சம் வெள்ளி கொண்டுவர வேண்டியிருக்கிறது. எல்லாரும் பறக்கலாம் என்பது பயணிக்குச் சொல்லப்பட்ட வாக்கு. விமானிக்கு அது பொருந்தவில்லை.

அடுத்து, பதவி உயர்வைப் பார்ப்போம். புதியவன் வலப்புற இருக்கையில் துணை விமானியாகச் சேர்கிறான். இடப்புறத்துத் தலைமை விமானி இருக்கைக்குப் போக 1,500 மணி நேரம் பறந்த அனுபவமும் அதற்குரிய உயர் உரிமமும் வேண்டும் என்பது உலகளாவிய குறைந்தபட்ச விதி. நிறுவனங்கள் அதனினும் மிகுதியாகவே கேட்கின்றன. தகுதி இருந்தால் மட்டும் போதாது. இருக்கை காலியாகவும் வேண்டும். புது விமானம் வந்தால் அல்லது மூத்தவர் ஓய்வு பெற்றால்தான் இருக்கை காலியாகும். காத்திருக்கப் பொறுமையின்றி வேறு நிறுவனத்துக்கு மாறினால், பணிமூப்பைப் போற்றும் இடங்களில் அவன் மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். பிணைமுறி முன்னே செல்லவிடாது. பணிமூப்பு வரிசை வெளியே செல்லவிடாது.

இந்த ஏணி எத்துணை நிலையற்றது என்பதற்குப் பினாங்கே சான்று. மலேசிய ஏர்லைன்சின் துணை நிறுவனமான ஃபயர்ஃபிளை 2007 ஏப்ரல் 3 அன்று பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்குத் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. அது விசிறி எஞ்சின் பொருத்திய சிறு விமானங்களின் நிறுவனம். அங்குப் பணியாற்றும் விமானிக்கு ஜெட் விமானமே அடுத்த படி. 2011 தொடக்கத்தில் அந்நிறுவனம் ஜெட் சேவையையும் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மலேசிய ஏர்லைன்சும் ஏர் ஏசியாவும் பங்குகளைப் பரிமாறிக்கொண்டன. ஆண்டு முடிவதற்குள் ஜெட் சேவை மூடப்பட்டது. 2012 மே மாதத்தில் அப்பங்குப் பரிமாற்றமும் கைவிடப்பட்டது. ஃபயர்ஃபிளையின் ஜெட் விமானம் மீண்டும் பறந்தது 2022 இல்தான். உடன்படிக்கை செய்தவர்க்கு அது ஒன்பது மாத வணிகச் சோதனை. ஏணியில் நின்றவனுக்கோ பத்தாண்டுக் காத்திருப்பு.

ஊதியத்தின் அமைப்பும் இத்தகையதே. அடிப்படைச் சம்பளம் ஒரு பங்கு. பறந்த மணிகளுக்கோ பயணங்களுக்கோ தரப்படும் படி மற்றொரு பங்கு. விமானம் நின்றால் படியும் நின்றுவிடும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இந்த உண்மை ஊரறிய வெளிப்பட்டது. பறப்பு நின்றது, ஆட்குறைப்புத் தொடர்ந்தது. பணியிழந்த விமானி ஒருவர் சீருடையும் தொப்பியுமாக நின்று உணவு விற்ற படத்தை நாடே பார்த்தது. உழைத்துப் பிழைத்த அவருக்கு அதில் இழிவில்லை. ஆனால் கடன் தவணை மட்டும் எந்தத் தொற்றுக்கும் அஞ்சி நிற்பதில்லை என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் மூன்று.

தலைமை விமானியின் சம்பளம் ஆசிரியர் சம்பளத்தைப் போலப் பன்மடங்கு அல்லவா, அவருக்கு ஏன் இரக்கம் என்பது முதல் வாதம். மூத்த தலைமை விமானியின் ஊதியம் உயர்ந்ததே, மறுப்பதற்கில்லை. ஆனால் உச்சியில் நிற்பவனைக் காட்டி அடியில் நிற்பவனின் சுமையை மறைப்பது நேர்மையன்று. தலைமை இருக்கையை எட்டாமலே நின்றுவிட்டவனும் உரிமம் பெற்றும் வேலை பெறாதவனும் அக்கணக்கில் வருவதில்லை. “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்னும் பழமொழி வயலுக்கு மட்டும் உரியதன்று.

குறைந்த ஊதியம் விமானியின் சொந்தத் துன்பத்தோடு நிற்பதுமில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே கோல்கன் ஏர் என்னும் பிராந்திய நிறுவனத்தின் விமானம் விழுந்து ஐம்பது பேர் மாண்டனர். அதன் துணை விமானியின் ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 16,000 டாலர் என்பது விசாரணையில் வெளிவந்தது. பணியிடத்துக்கு அருகில் குடியிருக்க இயலாத அவர், நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். விபத்துக்கு அடிப்படைக் காரணம் தலைமை விமானியின் தவறான கையாளுகையே. எனினும் களைப்பும் ஊதியமும் அந்நாட்டின் மனச்சான்றை உலுக்கின. 2010 இல் புதுச் சட்டமே பிறந்தது. விமானியின் சம்பளச் சீட்டில் பயணியின் பாதுகாப்பும் எழுதப்பட்டிருக்கிறது.

பயிற்சிக்குப் பணம் போடும் நிறுவனம் பிணைமுறி கேட்பதில் தவறென்ன என்பது இரண்டாவது வாதம். இது மதிக்கத்தக்க வாதம். ஒரு நிறுவனம் செலவழித்துப் பயிற்றியவனை மற்றொரு நிறுவனம் செலவின்றித் தட்டிக்கொண்டு போவது உண்மைதான். இதே வழக்கை நூறாண்டுகளுக்கு முன் மலாயாவின் தோட்ட முதலாளிகளும் பேசினார்கள். கப்பற் செலவு செய்து ஆளைக் கொண்டுவந்தவர் ஒருவர். கூடுதல் கூலி காட்டி அவனை இழுத்துக்கொண்டவர் வேறொருவர். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் வேரூன்றிய சஞ்சிக்கூலி முறைக்கு அவர்கள் காட்டிய நியாயமும் இதுவே. வந்த செலவைக் கூலியில் கழிக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஓடினால் தண்டனை.

அச்சிக்கலை அவிழ்த்தது எது? 1907 இல் தமிழர் குடியேற்ற நிதி சட்டமாயிற்று. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும், இந்தியாவுக்கு ஆளனுப்பிக் கூலிகளைச் சேர்த்தவராயினும் சேர்க்காதவராயினும், அந்நிதிக்கு வரி செலுத்த வேண்டியதாயிற்று. வருபவனின் பயணச் செலவை நிதி ஏற்றது. ஆகவே அவன் அச்செலவுக்குக் கடன்படாமல் வந்திறங்க முடிந்தது. 1910 இல் சஞ்சி ஒப்பந்தமுறை நிறுத்தப்பட்டது. இது முதலாளிகளின் அருளால் நிகழ்ந்ததன்று. அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கூலி உயர்ந்துவிடவுமில்லை, கங்காணியின் கொடுமை ஒழிந்துவிடவுமில்லை. விமானியின் வாழ்வைச் சஞ்சிக்கூலியின் துயரத்தோடு ஒப்பிடுவதும் முறையாகாது. ஒப்பிட வேண்டியது ஒன்றே: ஆளைத் தொழிலுக்குக் கொண்டுவரும் செலவு, அத்தொழிலால் பயன் பெறுவோர் அனைவரின் பொதுச் செலவு என்பதைக் குடியேற்ற அரசும் தோட்ட முதலாளியும் 1907 இலேயே ஒப்புக்கொண்டுவிட்டனர். இந்நூற்றாண்டின் விமான நிறுவனங்கள் அதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது ஏன்?

கட்டணம் உயர்ந்துவிடும், ஏழை பறக்க முடியாது என்பது மூன்றாவது வாதம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு துணை விமானி ஆண்டுக்கு 600 பயணங்கள் செய்வதாகவும், ஒவ்வொன்றிலும் 140 பேர் இருப்பதாகவும் கொள்வோம். அவனுடைய மூன்று இலட்சம் வெள்ளிப் பயிற்சிச் செலவை ஐந்து ஆண்டுகளில் அப்பயணிகளிடமே பெற்றால், ஒருவர்க்கு எழுபது காசளவே ஆகும். ஐம்பது பேரை ஏற்றும் சிறு விமானத்திலும் அது இரண்டு வெள்ளிதான். மலிவுக் கட்டண விமானத்தில் ஒரு குவளைத் தேநீரின் விலைகூட அதைவிட மிகுதி. எழுபது காசை மிச்சப்படுத்தும் பொருட்டு ஒரு குடும்பம் வீட்டை அடகு வைப்பது எவ்வகை நியாயம்?

ஆகவே செய்ய வேண்டியது தெளிவானது. மலேசிய வானில் விமானம் இயக்கும் நிறுவனங்கள் எல்லாம் பயணிக் கணக்குப்படி ஒரு பொது நிதிக்குச் செலுத்த வேண்டும். அந்நிதி, தகுதித் தேர்வில் தேறிய பிள்ளைகளை இனமும் சொத்தும் பாராது பயிற்ற வேண்டும். எல்லா நிறுவனமும் செலவைப் பகிர்ந்த பின் பிணைமுறிக்கு வேலையே இல்லை. மனிதவள மேம்பாட்டுக்கென நிறுவனங்கள் சம்பளத் தொகையில் ஒரு விழுக்காடு செலுத்தும் முறை நாட்டில் ஏற்கெனவே உண்டு. அது பெரும்பாலும் வேலையில் இருப்பவர்க்குப் பயன்படுகிறது. வேலைக்கு வரத் துடிப்பவர்க்கும் அவ்வழியைத் திறப்பதே இங்குக் கேட்கப்படுவது. பயிற்சிப் பள்ளிகளும் ஆண்டுதோறும் எத்தனை பேரைப் பயிற்றின, அவர்களுள் எத்தனை பேர் வேலை பெற்றனர் என்னும் கணக்கை வெளியிடக் கடமைப்பட்டிருக்க வேண்டும்.

அந்நாள் வரும்வரை தமிழ்ப்பள்ளிக்கும் ஒரு கடமை உண்டு. “நீ விமானியாவாய்” என்று பிள்ளையை வாழ்த்தும் ஆசிரியர், ஒப்பந்தத்தைப் படிக்கவும் அவனுக்குக் கற்பிக்க வேண்டும். மொத்தச் செலவு எவ்வளவு? வேலைக்கு எழுத்தில் உறுதி உண்டா? பிணை எத்தனை ஆண்டு? பணியாற்றிய ஆண்டுக்கேற்ப அத்தொகை குறையுமா? நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால் கடன் யாருடையது? இவ்வைந்து கேள்விகளையும் கையெழுத்திடுமுன் கேட்கத் தெரிந்த பிள்ளையே படித்த பிள்ளை.

ஜெரெஜாக் தீவில் இறங்கியவர்களுள் பெரும்பாலோர்க்குத் தாம் கைநாட்டு வைத்த தாளில் என்ன இருந்தது என்பது தெரியாது. அவர்களுக்குப் படிக்கக் கற்பிக்க யாருமில்லை. அவர்தம் வழிவந்த பிள்ளைகளுக்குக் கற்பிக்க இன்று பள்ளி இருக்கிறது, ஆசிரியரும் இருக்கிறார்.