கொள்ளைநோயும் ஊர்க் கணக்கும்



படவேட்டிலும் ஆரணி வட்டாரத்திலும் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது நாம் முதலில் கேட்பது அங்கத்தினர் பதிவேட்டை. பெயர், தகப்பனார் பெயர், பங்குத் தொகை ஆகியவை ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். வயது என்ற பத்தியிலோ, சங்கத்தில் சேர்ந்த நாளில் எழுதிய எண் அப்படியே நிற்கும். முப்பத்திரண்டு என்று ஏட்டில் இருப்பவர் நேரில் அறுபத்தைந்து வயதுக் கிழவராக வந்து கைந்நாட்டு வைப்பார். வாரிசு என்ற பத்தி பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும்.

2021-ஆம் ஆண்டில் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது, ஒரு சங்கத்தின் நெசவாளர் ஒருவர் காலமானார். எந்தச் சங்கம் என்பது இங்கு வேண்டுவதில்லை. பாவு பாதியில் நின்றது. வாரிசுப் பத்தி நிரப்பப்படாமையால், அவருடைய பங்குத் தொகைக்கும் சேமிப்புக்கும் அவர் மனைவி பல மாதங்கள் நடையாய் நடந்தார். ஏட்டில் விட்ட ஒரு வரி ஒரு குடும்பத்தை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை அன்று கண்டோம். இக்குறை பணக் கணக்கோடு நிற்பதன்று. உயிர்க் கணக்கையும் தொடுவது என்பதே இங்கு நாம் சொல்ல விரும்பும் செய்தி.

ஒரே நோய் இரண்டு ஊர்களில் பரவினாலும் மரணம் ஒரே அளவாக நேர்வதில்லை. அதற்கு முதற் காரணம் வயது. ஓர் உதாரணம் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்த கணக்கே. ஆயிரம் பேர் கொண்ட இரண்டு ஊர்கள். ஓர் ஊரில் முதியோர் 100 பேர்; மற்றதில் 200 பேர். நோய் கண்ட முதியோரில் நூற்றுக்கு ஐவரும், ஏனையோரில் ஆயிரத்துக்கு ஒருவரும் இறப்பதாகவும், ஊரார் அனைவருக்கும் நோய் கண்டதாகவும் கொள்வோம். முதல் ஊரில் ஏறக்குறைய 6 பேர் இறப்பர்; இரண்டாவது ஊரில் 11 பேர். நோயும் ஒன்றே, மருந்தும் ஒன்றே. ஊரின் வயது அமைப்பு மட்டுமே வேறு.

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கொரோனா பரவிய விதத்தை ஆராய்ந்த ஆய்வொன்று 2020 செப்டம்பரில் 'சயன்ஸ்' என்ற விஞ்ஞான இதழில் வெளிவந்தது. நோய் உறுதியானவர்களில், 5 முதல் 17 வயது வரையுள்ளோரிடையே மரணம் 0.05 சதவீதம், 85 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே 16.6 சதவீதம். "நம்முடையது இளைஞர் நாடு, நமக்குப் பயமில்லை" என்று அந்நாளில் பலர் கூறினர். ஆனால் 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, அறுபதைக் கடந்தவர்கள் இந்தியா முழுமைக்கும் 8.6 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். பிறப்பு குறைந்து ஆயுள் நீண்டதன் பயன் இது. நம் நெசவாளர் வீடுகளிலோ, பிள்ளைகள் வேறு வேலை தேடி நகரம் செல்ல, தறிக் குழியில் பெற்றோர் அமர்ந்திருப்பதை எங்கும் காண்கிறோம்.

வயது ஒன்றே காரணமா? அன்று. அதே ஆய்வில், செல்வ நாடுகளில் எதிர்பார்த்ததைக் காட்டிலும் இங்கு இளைய வயதினரிடையே நோயும் மரணமும் கூடுதலாகக் காணப்பட்டன. இறந்தவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு நீரிழிவு இருந்தது. 36 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. இறந்தவர்களில் பாதிப்பேர் மருத்துவமனையில் சேர்ந்து ஐந்து நாட்களுக்குள் உயிர் நீத்தனர். பலர் நோய் முற்றிய பின்னரே சென்றிருக்க வேண்டும் என்று இதனால் நாம் கருதுகிறோம். பாவு முடிந்தால்தான் கூலி என்றிருப்பவன், காய்ச்சலோடும் தறியில் உட்காருகிறான். வாழைத்தார் வெட்டும் பருவத்தில் பயிர்க்காரனும் படுக்க மனம் கொள்வதில்லை. தாமதத்துக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, வறுமையும்தான்.

இதற்கு இன்னும் தெளிவான சான்று 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல். இந்தியாவில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்குக் குறையாதவர்களை அது கொண்டுபோயிற்று. அந்நோய் முதியோரை விட்டுவிட்டு, இருபது முதல் நாற்பது வயது வரையுள்ளோரையே மிகுதியாகத் தாக்கியது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, மிஞ்சியதை உண்ட பெண்கள் ஆண்களைவிட அதிகமாக மாண்டனர். அவ்வாண்டு மழையும் பொய்த்து, தானிய விலையும் ஏறியிருந்தது. பம்பாய் நகரில் எடுத்த கணக்கின்படி, தாழ்த்தப்பட்ட வகுப்பினரில் ஆயிரத்துக்கு 61 பேருக்கு மேல் இறந்தனர். ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேரளவே இறந்தனர். கிருமி சாதி பார்ப்பதில்லை. குடியிருக்கும் இடமும் உண்ணும் சோறும் கிட்டும் பராமரிப்புமே வேறுபட்டன. நெரிசலான குடியிருப்புக்கு நாமும் புதியவர்களல்லர். தறியும் அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் உள்ள வீட்டில் நோயாளியை எங்கே ஒதுக்கி வைப்பது?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் கொரோனாவால் இந்தியாவில் மாண்டோர் அரசாங்கக் கணக்கில் சுமார் 4.8 இலட்சம். வழக்கத்துக்கு மேல் நேர்ந்த மரணங்கள் சுமார் 47 இலட்சம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டு முறையை இந்திய அரசாங்கம் ஏற்கவில்லை. வழக்கை நாம் தீர்க்கப் போவதில்லை. ஒவ்வொரு மரணமும் காரணத்தோடு பதிவாகியிருந்தால் இவ்வழக்குக்கே இடமிராது என்று மட்டும் சொல்வோம். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். நாம் ஆட்களையே அளவாமல் இழந்திருக்கிறோம்.

ஆகவே, அடுத்த மகாசபைக் கூட்டத்தில் மூன்று காரியங்களை ஆலோசிக்க வேண்டுகிறோம்.

முதலாவது, பதிவேட்டில் பிறந்த ஆண்டையும் வாரிசின் பெயரையும் ஒருவர் விடாமல் எழுதுதல். இதற்குச் செலவு ஒரு பேனா மட்டுமே.

இரண்டாவது, அறுபதைக் கடந்தவர்கள், சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் ஆகியோர் வீட்டுக்கு முதலில் மருந்தும் தடுப்பூசியும் சேர ஏற்பாடு செய்தல். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்களுக்குச் சங்கம் வழிகாட்டலாம். "வியாதியைச் சொன்னால் கடன் கிடைக்காது, பாவு கொடுக்க மாட்டார்கள்" என்று சிலர் நம்மிடமே அஞ்சிக் கூறியதுண்டு. அந்த அச்சம் நியாயமானதே. ஆகையால் நோய் விவரம் சுகாதார ஊழியரிடம் மட்டும் இருத்தல் வேண்டும். கடன் கொடுக்கும் மேஜைக்கு அது வரவே கூடாது என்று சபை தீர்மானம் செய்யட்டும்.

மூன்றாவது, துணைவிதிகள் இடந்தரும் அளவில், இலாபத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, நோயுற்ற அங்கத்தினர் இரண்டு வாரம் தறியையோ வயலையோ விட்டிருக்க உதவுதல். அந்த இரண்டு வாரக் கூலி அவரை மட்டுமன்று, அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழும் முதியோரையும் காக்கும்.

ஆடி மாதத்தில் ரேணுகாம்பாள் சந்நிதிக்கு வரும் ஜனத்திரளைப் படவேட்டார் அறிவர். திருவிழாவுக்கு முன்பே பந்தலுக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்கிறோமே, கூட்டம் வந்த பிறகா கால் நடுகிறோம்? கொள்ளைநோயும் ஒருநாள் மீண்டும் வரும். எந்த வயதினரை அது தேடும் என்பதை இன்று எவரும் அறியார். நம் வீடுகளில் யார் யார், எவ்வயதில், எந்நிலையில் இருக்கிறார்கள் என்பதையேனும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஒருவர் கையை மற்றொருவர் பற்றுவதே கூட்டுறவு என்றால், அந்தக் கை யாருடையது என்று முதலில் ஏட்டில் எழுதி வைப்போமாக.