வைரஸ் மாறுகிறது, சர்க்கார் விழிக்குமா?

சின்னசேலம் வட்டாரத்துப் புஞ்சைகளில் மக்காச்சோளம் பரவிவிட்டது. கடன் வாங்கி விதைத்து, கோழித் தீவனத்துக்கு விற்று வயிறு வளர்க்கும் சிறு விவசாயிகள் இங்கே ஏராளம். 2018-ல் படைப்புழு வந்து அவர்களைக் கதற வைத்தது. புழுவையாவது கண்ணால் கண்டு மருந்தடிக்க முடிந்தது. வைரஸ் நோய் வந்தால் என்ன செய்வது? நோயுற்ற செடியைக் குணப்படுத்த மருந்தே கிடையாது.

கரும்பில் தேமலை உண்டாக்கும் வைரஸ் மக்காச்சோளத்தையும் சோளத்தையும் தாக்கவல்லது. இந்த மூன்று பயிர்களும் நம் ஜில்லாவில் உண்டு. அசுவினிப் பூச்சி இந்த வைரஸைச் செடிக்குச் செடி சுமந்து செல்கிறது. அதன் பாரம்பரியச் சரடு சுமார் 9,600 எழுத்துக்கள் கொண்டது. அது பெருகும்போது பிரதியில் பிழை விழுகிறது, திருத்த வழியில்லை. இரண்டு வகைகள் ஒரே செடியில் கூடினால் சரடுகள் ஒன்றோடொன்று கலந்து புது வகை பிறப்பதும் உண்டு. ஆகவே ஒரு வகையைத் தாங்கிய விதை, மற்றொரு வகையையும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இது வெறும் பீதியா? கென்யாவைப் பாருங்கள். 2011-ல் அங்கே பொமெட் பகுதியில் மக்காச்சோளம் கருகி நின்றது. கரும்புத் தேமல் வைரஸும், இலையை வெளிறச் செய்யும் வேறொரு வைரஸும் ஒரே செடியில் சேர்ந்தன. தனித்தனியே வந்தால் ஓரளவு சமாளிக்கும் பயிர், இரண்டும் சேர்ந்ததும் கதிர் பிடிக்காமல் மடிந்தது. 2014-க்குள் தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, எத்தியோப்பியாவுக்கும் நோய் பரவியது. விற்பனையிலிருந்த ஒட்டு ரகங்களில் பெரும்பாலானவை எதிர்த்து நிற்கவில்லை. 2013-ல் நைவாஷாவில் சோதனை நிலையம் அமைத்து, தாங்கும் ரகங்களைத் தேடினார்கள். பயிர் அழிந்த பிறகு தேடினார்கள்!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மரவள்ளியே சாட்சி. தேமல் நோய்க்குக் காரணமான வைரஸ்களில் இந்திய வகை, இலங்கை வகை என இரண்டு தமிழ்நாட்டில் உள்ளன. வெள்ளை ஈ பரப்புவது ஒரு பக்கம். நோயுற்ற குச்சியை அறியாமல் வெட்டி நடுவது மறு பக்கம். இலங்கை வகை 2015-ல் கம்போடியாவில் தென்பட்டு, பின்னர் வியட்நாம், தாய்லாந்து வரை போய்விட்டது. எல்லைக் கோடுகள் வைரஸுக்கு ஏது?

"மக்காச்சோளத்தில் இன்று பெரிய வைரஸ் சேதம் இல்லையே, செலவு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சேதம் இல்லாத காலத்தில்தான் காவல் போட வேண்டும். விதைக் கம்பெனி மூட்டையை விற்றுப் பணத்தை எண்ணிக்கொள்ளும். பயிர் போனால் கடன் விவசாயி தலையில். குத்தகைக்காரருக்கோ நிவாரணப் பட்டியலில் பெயரே இராது.

எனவே, விவசாய இலாகாவும் கோயமுத்தூர் பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பருவத்திலும் கரும்பு, சோளம், மக்காச்சோள இலைகளைச் சோதித்து, எந்த வகை வைரஸ் உலவுகிறது என்று கண்டறிய வேண்டும். முடிவைத் தமிழில் பஞ்சாயத்துதோறும் அறிவிக்க வேண்டும். இங்குள்ள வகைகளைத் தாங்குமா என்று சர்க்கார் சோதிக்காத விதையை இங்கே விற்கவிடலாகாது. நோயற்ற மரவள்ளிக் குச்சிகளை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் வழியாகக் குறைந்த விலையில் தர வேண்டும். உழுதவர் யாரோ, அவருக்கே நஷ்டஈடு சேர வேண்டும்.

விஞ்ஞானம் ஆய்வுக்கூடத்தில் பூட்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? அதை வயலுக்குக் கொண்டுவரும்படி சின்னசேலம் விவசாயிகள் ஒன்றுதிரண்டு கேட்க வேண்டும்.