வலிக்கு ஒரு சொல் போதுமா?



ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். பிழைப்பை நாடி எங்கள் குடும்பம் வந்து தங்கிய இவ்வடநாட்டு நகரில், எனக்குப் பதினாறு வயதாயிருந்தபோது, நீரிழிவு நோயுள்ள என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். "பாதம் தணலை மிதிச்ச மாதிரி காந்துதப்பா; நடுநடுவே மின்சாரம் பாயற மாதிரி சுருக்குன்னு இழுக்குது" என்றார் அம்மா. அவருக்கு இந்தி வராது. எனக்கு வரும் என்ற இறுமாப்பில், "காலில் தர்த்" என்று ஒரே சொல்லில் முடித்தேன். மூட்டுவலி மாத்திரை கிடைத்தது. ஓராண்டு அவர் உறக்கமின்றித் தவித்த பிறகே அது நரம்புவலி என்பது தெரிந்தது.

இன்று நான் பௌதிகம் பயிலும் முதுகலை மாணவன். 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலைக் கொண்டு, 1985-இல் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவர் தோழர்களும் மண்டையைத் திறவாமலே மூளையைத் தூண்டிக் காட்டினர். தலைமேல் வைத்த கம்பிச் சுருளில் மின்னோட்டம் சட்டென்று மாறும்போது, உள்ளே மூளையிலும் சிறு மின்னோட்டம் எழுகிறது. கைகால்களை இயக்கும் பகுதியை, வலிக்கு எதிர்ப்புறத்தில், இவ்வாறு திரும்பத் திரும்பத் தூண்டினால் நரம்புவலி தணியும் என்பதற்கு உறுதியான சான்று உண்டென 2020-இல் வெளியான ஐரோப்பிய நிபுணர்களின் வழிகாட்டுதல் கூறுகிறது. இது நோயை ஒழிப்பதன்று, எல்லோருக்கும் பலிப்பதுமன்று. எல்லா வகை வலிக்கும் இதே அளவு சான்றும் இல்லை.

தையற்காரர் அளவெடுக்காமல் சட்டை தைப்பாரா? இங்கும் கைவிரல் துடிக்கும் மிகக் குறைந்த விசையைப் பார்த்தே அவரவர்க்குரிய அளவைக் குறிக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு இடத்தைக் குறிக்கவும், மூளை அலைகளைப் பார்த்து நேரத்தைக் குறிக்கவும் ஆராய்ச்சி நடக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆயினும், ஆளுக்கேற்ற சிகிச்சை என்பது இயந்திரத்தில் தொடங்குவதன்று. ஆளின் வாய்ச்சொல்லில் தொடங்குவது என்பதே என் கருத்து.

"காந்தச் சுருளுக்கும் மொழிக்கும் என்ன உறவு?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் நகைத்தார். உறவு உண்டு. வலியை நேரே அளக்கும் கருவி இன்னும் இல்லை. நரம்புவலியைப் பிரித்தறிய மருத்துவர்கள் கையாளும் டி.என்.4 என்னும் பத்துக் கேள்விப் பட்டியலில் ஏழு கேள்விகள் நோயாளியின் சொல்லையே கேட்கின்றன: எரிகிறதா, மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதா, மரத்துப் போகிறதா என்று. நான்குக்கு 'ஆம்' கிடைத்தால் நரம்புவலி என ஐயுறலாம். என் தாயார் அவற்றில் இரண்டைத் தாமாகவே சொன்னார். நான் இரண்டையும் விழுங்கினேன். சொல் தவறினால், எத்துணை நுட்பமான சுருளும் தகாதவர் தலைக்குப் போகும். தக்கவரோ அதன் வாயிலையே காணார்.

குத்தல், குடைச்சல், காந்தல், உளைச்சல், கடுப்பு, மதமதப்பு: நம் பாட்டிமார் இவற்றை ஒன்றோடொன்று குழப்பியதுண்டா? நமக்கு மட்டும் எல்லாம் 'வலி', 'பெயின்', 'தர்த்'!

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்நகருக்கு வரும் தமிழ் நோயாளிகளுக்கு மொழித்துணையாக வாரம் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்வோம். சொன்னதைச் சுருக்காமல் சொல்வோம். அதற்குப் பெரும் பொருள் வேண்டாம். காது கொடுக்கும் பொறுமை போதும். பதினாறு வயதில் எனக்கு இல்லாதிருந்தது அதுவே.