குப்பையில் மின்சாரம்: புகைக்கு யார் காவல்?

குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது நல்லதா, கெட்டதா என்று பலர் எம்மிடம் கேட்கின்றனர். எதை எரிக்கிறார்கள், எந்தச் சூட்டில் எரிக்கிறார்கள், புகையை என்ன செய்கிறார்கள் என்று அறியாமல் இதற்கு விடை கூற முடியாது.

2017 ஏப்பிரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021இல் கெரவலப்பிட்டியில் கொழும்புக் குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் தரும் நிலையம் திறக்கப்பட்டது. மலையாகக் குவிப்பதிலும் இது மேல் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அடுப்பு மூட்டுபவர் எவருக்கும் ஈரவிறகின் குணம் தெரியும். எமது வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மரக்கறிக் கழிவும் மிச்சச் சோறும் தான். ஈரம் கூடினால் உலைச் சூடு இறங்கும். பீ.வீ.சி. பிளாஸ்டிக்கில் உள்ள குளோரின் அரைகுறை நெருப்பில் டயொக்சின் என்னும் நஞ்சாகும். அதை அழிக்கப் புகை 850 பாகை செல்சியசில் 2 செக்கனாவது நிற்கவேண்டும். அத்தோடு முடியாது, புகை ஆறும்போது, 400 முதல் 200 பாகை வரையில், அந்நஞ்சு மீண்டும் பிறக்கும். ஆகவே விரைவாகக் குளிரவைத்து, சுண்ணாம்பும் விசேட கரித்தூளும் தூவி, துணிப்பைகளால் வடிக்கவேண்டும். வடியில் தங்கும் சாம்பலும் நஞ்சே. எருவென்று யார் தந்தாலும் வாங்காதீர்கள்!

டயொக்சின் மூச்சோடு புகுவதிலும் உணவோடு புகுவதே அதிகம். புல்லில் படிந்து, பசுவின் பாற்கொழுப்பில் சேரும். மண் கிளறும் கோழியின் முட்டையிலும் சேரும். 1989இல் ஒல்லாந்தில், ரொட்டர்டாம் நகரின் எரியுலைப் பக்கத்துப் பண்ணைகளில் பாலை விற்க முடியாமற் போயிற்று. எரித்தது நகரத்தின் குப்பை, நட்டம் மாடு வளர்த்தவருக்கு. பின்னர் ஐரோப்பாவில் ஒரு கன மீற்றர் புகையில் 0.1 நனோகிராம் என எல்லை வகுக்கப்பட்டது.

காணி இழந்து, மீண்டும் ஒரு பசுவோடு வாழ்வைத் தொடங்கும் எம் குடும்பங்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. உங்கள் ஊருக்கு இத்தகைய நிலையம் வருமெனில், உலைச் சூட்டை நாள்தோறும் ஊரறிய எழுதி வைப்பார்களா, டயொக்சின் பரிசோதனை முடிவை உங்கள் சங்கத்திற்குத் தருவார்களா, சாம்பல் எங்கே போகும் என்று அடிக்கல் நாட்டுமுன் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

வீட்டடுப்பும் ஓர் உலைதான்; அதற்கு வடியுமில்லை, 850 பாகையுமில்லை. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டது. விறகு பற்றவைக்க ஷொப்பிங் பையைச் செருகும் வழக்கத்தை விட்டு, காய்ந்த பன்னாடையையோ தென்னோலையையோ எடுப்போம். மரக்கறிக் கழிவு பசளைக் குழிக்குப் போகட்டும்.