85 பவுண்டு தீர்ப்பைக் காட்டி மிரட்டாதீர்கள்

‘பிரிட்டன் உச்ச நீதிமன்றமே 2015இல் சொல்லிவிட்டது, தனியார் பார்க்கிங் கட்டணத்தை எதிர்த்து முறையிடுவது வீண்’ என்கிறார்கள். தீர்ப்பைப் படிக்காதவர்களின் வாதம் இது. செல்ம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைவளாகத்தின் இரண்டு மணிநேர இலவச வரம்பைக் கிட்டத்தட்ட ஒரு மணிநேரம் தாண்டிய பேரி பீவிஸ் 85 பவுண்டு கட்ட வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னது உண்மை. ஆனால் அங்கே அறிவிப்புப் பலகைகள் பெரிதாக, பல இடங்களில், தெளிவாகப் படிக்கும்படி இருந்தன. தீர்ப்புக்கு அது முக்கியமான ஆதாரம். மரக்கிளைக்குப் பின்னால் பொடி எழுத்தில் தொங்கும் பலகைக்கு அந்தத் தீர்ப்பு எப்படித் துணை நிற்கும்?

ஓட்டியவர் யாரென்று பார்க்கிங் நிறுவனத்துக்குத் தெரியாவிட்டால் இன்னொரு தடையும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டியில் எதுவும் ஒட்டாமல் கேமராப் பதிவை மட்டும் வைத்து அனுப்பும் நோட்டீஸ் 14 நாளுக்குள் வந்து சேராவிட்டால், பதிவு உரிமையாளரை அந்தச் சட்டத்தின்கீழ் பொறுப்பாக்க முடியாது. ‘முறையிட்டால், சீக்கிரம் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடுமே’ என்பது நியாயமான பயம். பார்க்கிங் முறையீடுகளை விசாரிக்கும் சுயேச்சை அமைப்பான பாப்லா வரை போனால் பெரும்பாலும் போகத்தான் செய்யும். ஆனால் பாப்லாவின் முடிவு நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும், ஓட்டுநரை அல்ல. அங்கே தோற்றவர் நீதிமன்றத்தில் வாதாடலாம். கடிதத்தைக் குப்பையில் போடச் சொல்பவர்கள் இன்னும் மோசம். கவுண்டி நீதிமன்றத்திலிருந்து வரும் வழக்குப் படிவத்துக்குப் பதில் போடாதவர்மேல், பலகை எவ்வளவு மோசமாக இருந்தாலும், விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடலாம்.